சைக்கிளில் ஒரே நாளில் 200 கிலோமீட்டர்: தாம்பரத்திலிருந்து வழி போடுவது எப்படி?

கேள்வி: தாம்பரத்தில் வசிக்கிறேன். வயது 38. ஞாயிற்றுக்கிழமைகளில் 60, 70 கி.மீ. சைக்கிள் ஓட்டுவேன், சராசரி வேகம் மணிக்கு 24 கி.மீ. வரும் ஜனவரியில் ஒரே நாளில் 200 கி.மீ. ஓட்டிவிட ஆசை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் 100 கி.மீ. போய் அதே வழியில் திரும்பலாம் என்று நினைக்கிறேன். நண்பரோ ஜி.எஸ்.டி. சாலையில் (சென்னை–திருச்சி நெடுஞ்சாலை) நேராகத் திருவண்ணாமலைக்குப் போகச் சொல்கிறார். எது சரி? வழியை எப்படித் திட்டமிடுவது?

பதில்: இரண்டும் வேண்டாம் என்பேன். ஆனால் உங்கள் கடற்கரையையும் நண்பரின் திருவண்ணாமலையையும் சேர்த்தால் அருமையான ஒரு வழி கிடைக்கிறது. அதற்கு வருகிறேன்.

வழி போட உட்காரும்போது பெரும்பாலோர் வீட்டு வாசலில் விரலை வைத்து முன்னோக்கி நகர்த்துவார்கள். நான் கடைசி 50 கிலோமீட்டரில் தொடங்கிப் பின்னோக்கி வருவேன். முதல் 50 கி.மீ. எந்தச் சாலையிலும் ஓடிவிடும். கால் புதிது, வெயில் இல்லை, உற்சாகம் தளும்பும். மாலை நான்கு மணிக்கு, 170 கி.மீ. ஓடிய காலோடு நீங்கள் எந்தச் சாலையில் இருப்பீர்கள்? காற்று எந்தப் பக்கம் அடிக்கும்? சூரியன் எங்கே நிற்கும்? உடம்பு மறுத்தால் இறங்கி உட்கார ஓர் ஊர் இருக்குமா? இந்த நான்குக்கும் விடை சொல்ல முடிந்தால் முன்பாதி தானாக அமையும். அந்த நாளின் நல்ல சாலை பிற்பகலுக்கு வர வேண்டும். கெட்ட சாலை தவிர்க்க முடியாததென்றால் அது காலையில் வரட்டும்.

இந்தக் கண்ணோடு உங்கள் திட்டத்தைப் பாருங்கள். மார்கழி, தை மாதங்களில் நம் கரையில் வீசுவது பெரும்பாலும் வடகிழக்குக் காற்று. வாடை என்று பழைய பெயர். காலையில் தெற்கே போகும்போது அது முதுகைத் தள்ளும். நீங்கள் உங்கள் திறமை என்று நினைத்துக்கொள்வீர்கள். நண்பகலில் திரும்பும்போது அதே காற்று நெஞ்சில் மோதும். காற்றின் இழுவை வேகத்தின் இருமடிப்படி ஏறும் என்பது பள்ளிக்கூடப் பாடம். 25 கி.மீ. வேகத்தில் ஓட்டுகிறவருக்கு எதிரே 10 கி.மீ. காற்று வந்தால், காற்றைப் பொறுத்தவரை அவர் வேகம் 35. இழுவை ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. அதே காற்று பின்னாலிருந்து வந்தால் இழுவை மூன்றில் ஒரு பங்கை ஒட்டிக் குறைந்துவிடும். போகையில் மிச்சம் பிடித்த நேரம் வருகையில் ஈடுகட்டிவிடும் என்று கணக்குப் போடாதீர்கள். எதிர்காற்றில் வேகம் குறைவதால் அதில் கழிக்கும் நேரமும் கூடுகிறது. நஷ்டம் எப்போதும் லாபத்தைவிடப் பெரியது. அதோடு, ஞாயிறு மாலை கடற்கரைச் சாலையில் சென்னைக்குத் திரும்பும் கார்களின் கூட்டம் வேறு.

நண்பரின் வழி? தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு, மதுராந்தகம், அச்சிறுப்பாக்கம் வழியாகத் திண்டிவனம் சுமார் 95 கி.மீ. அங்கிருந்து செஞ்சி 28, செஞ்சியிலிருந்து திருவண்ணாமலை 39. கூட்டினால் 162. உங்கள் 200 வரவில்லை. தூரம் கிடக்கட்டும், அந்த 95 கிலோமீட்டரும் லாரியும் பஸ்ஸும் இரைச்சலுமாகக் கழியும். நெடுஞ்சாலை ஓரத்தில் சைக்கிளுக்கு எமன் லாரி மோதல் மட்டும் என்று நினைக்க வேண்டாம். வெடித்த லாரி டயர்களிலிருந்து உதிரும் மெல்லிய எஃகுக் கம்பித்துண்டுகள் ஓரத்தில்தான் வந்து சேரும். கண்ணுக்குத் தெரியாது, டயரில் ஏறினால் டியூபைத் துளைக்கும். டியூபை மட்டும் மாற்றிவிட்டுக் கம்பியை டயரிலேயே விட்டுவிட்டால் பத்து நிமிடத்தில் மறுபடி பஞ்சர். நான் ஒரே காலையில் மூன்று டியூபைத் தின்னக் கொடுத்து இதைக் கற்றுக்கொண்டேன்.

சரி, நான் சொல்லும் வழி இது. தாம்பரம், வண்டலூர், கேளம்பாக்கம், கோவளம். அங்கே கடற்கரைச் சாலையைப் பிடித்துத் தெற்கே மாமல்லபுரம், கல்பாக்கம், பாலாற்றுப் பாலம், கூவத்தூர், மரக்காணம். புதுச்சேரி எல்லைக்குள் நுழையாமல் மரக்காணத்தில் வலப்பக்கம் திரும்பி மேற்கே திண்டிவனம், செஞ்சி, திருவண்ணாமலை. தாம்பரம்–கோவளம் சுமார் 32 கி.மீ., கோவளம்–மரக்காணம் 80, மரக்காணம்–திண்டிவனம் 35, மேலே சொன்ன 28, 39. ஆக மொத்தம் 214 கி.மீ. அளவில் வரும். உங்கள் வீட்டு வாசலைப் பொறுத்து இரண்டு மூன்று கிலோமீட்டர் முன்பின் ஆகலாம்.

இதை ஏன் தேர்ந்தெடுத்தேன் என்றால், கோவளத்தைத் தொட்டபின் வழி முழுவதும் இரண்டே திசைதான். முதல் பாதி தெற்கும் கொஞ்சம் தென்மேற்கும்; இரண்டாம் பாதி நேர் மேற்கு. வடகிழக்குக் காற்று இரண்டுக்குமே பின்காற்று. பிற்பகலில் கடலிலிருந்து எழும் கடற்காற்றும் கிழக்கிலிருந்து வந்து முதுகில்தான் படும். களைத்த நேரத்தில் காற்று உங்கள் கட்சியில் இருக்கும் வழி வட தமிழகத்தில் அவ்வளவு எளிதில் அமையாது. ஏற்றம் என்று பயப்படவும் ஒன்றுமில்லை. மரக்காணம் கடல் மட்டம். திருவண்ணாமலை சுமார் 170 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 100 கிலோமீட்டரில் அந்த ஏற்றம் கால் உணராத அளவுக்குப் பரவிக் கிடக்கிறது. வரைபடச் செயலி மொத்த ஏற்றம் 700 மீட்டர், 900 மீட்டர் என்று காட்டினால் கலங்க வேண்டாம். பாலத்தையும் மேட்டையும் செயற்கைக்கோள் அளவீட்டின் சிறு பிழைகளையும் சேர்த்துக் கூட்டிச் சொல்கிற எண் அது. சமவெளியில் அந்த எண்ணை நம்பாதீர்கள். ஏலகிரி, ஏற்காடு போகிறவர்கள்தான் அதைக் கவனிக்க வேண்டும்.

இதே வழியை ஜூன், ஜூலையில் ஓட்ட நினைக்காதீர்கள். அப்போது மேற்கிலிருந்து வீசும் மேல்காற்று, சங்ககாலத்தார் கோடை என்றது அதைத்தான். மரக்காணத்திலிருந்து மேற்கே 100 கி.மீ. அதை எதிர்த்துப் போவது தண்டனை. அந்த மாதங்களில் முதல்நாளே திருவண்ணாமலை போய்த் தங்கி, விடியற்காலையில் கடலை நோக்கி ஓட்ட வேண்டும்.

இனி நாள் குறிப்பது. ஜனவரி என்று சொல்லிவிட்டீர்கள், நல்லது. ஆனால் ஜனவரியில் பாதி நாட்கள் இந்த வழிக்கு ஆகாது. போகி அன்று விடியலில் பனியும் புகையும் சேர்ந்து பத்தடி தெரியாது. காணும் பொங்கல் அன்று மாமல்லபுரம் பக்கம் போகவே வேண்டாம். பௌர்ணமியன்று கிரிவலத்துக்கு வரும் கூட்டத்தால் செஞ்சி–திருவண்ணாமலைச் சாலையில் மாலையில் பஸ் மேல் பஸ், அறையும் கிடைக்காது. தைப்பூசமும் பௌர்ணமியை ஒட்டியே வருவதால் மேல்மருவத்தூர் பஸ்களும் திண்டிவனம் வட்டாரத்தில் சேர்ந்துகொள்ளும். குடியரசு நாள் சனி, ஞாயிறை ஒட்டி வந்தால் சென்னையே புதுச்சேரிக்குக் கிளம்பும். ஆகவே வரைபடத்தைத் திறக்கும் முன் தினசரி நாள்காட்டியைத் திறந்து, பௌர்ணமியையும் முகூர்த்த நாட்களையும் கழித்துவிட்டு, மிச்சத்தில் ஒரு சனிக்கிழமையைப் பிடியுங்கள். ஞாயிறு உங்களுக்கு ஓய்வுக்கு வேண்டும்.

தை மாதத்தில் இன்னொன்று: அறுவடைக் காலம். மரக்காணம்–திண்டிவனம் சாலையில் ஊர்களின் அருகே சாலையில் பாதியை நெல்லோ உளுந்தோ பிடித்துக்கொண்டிருக்கலாம். விளிம்பில் கல்லை வைத்திருப்பார்கள். களத்துமேடு குறைந்துபோன ஊரில் அவர்களைக் குறைசொல்லிப் பயனில்லை. ஆனால் கவனம் வேண்டும்: தானியத்தின் மேல் சைக்கிள் சக்கரம் மணலில் சறுக்குவதைப் போலச் சறுக்கும், அதைத் தவிர்க்கச் சட்டென்று வலப்பக்கம் ஒதுங்கினால் பின்னால் வருபவன் மோதுவான். தூரத்தில் மஞ்சளாகத் தெரிந்ததுமே பின்னால் திரும்பிப் பார்த்து, மெதுவாகச் சாலையின் நடுப்பக்கம் நகருங்கள்.

வரைபடத்தில் வழி போடும் வேலையை எப்படிச் செய்வது? மொபைலில் வேண்டாம், கணினியில் செய்யுங்கள். கூகுள் மேப்பில் தூரத்தையும் கடைகளையும் பாருங்கள். வழியை வரைவதற்கு ரைட் வித் ஜிபிஎஸ், கோமூட் போன்ற செயலிகள் வசதி. வரைந்ததை ஜிபிஎக்ஸ் கோப்பாக (வழியைப் பதிந்துவைக்கும் கோப்பு) இறக்கி மொபைலிலோ சைக்கிள் கணினியிலோ ஏற்றிக்கொள்ளலாம். சைக்கிளோட்டிகள் தங்கள் ஓட்டங்களைப் பதியும் ஸ்ட்ராவா செயலியில் மற்றவர்கள் அதிகம் ஓட்டிய சாலைகள் ஒளிர்ந்து தெரியும் வரைபடம் ஒன்று உண்டு. ஒரு சாலை அதில் இருட்டாக இருந்தால் ஏதோ காரணம் இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தச் செயலியானாலும் அது குறுக்குவழியைக் காட்டும்போது செயற்கைக்கோள் படத்துக்கு மாறிப் பாருங்கள். ஒருமுறை செய்யூர்ப் பக்கம் ஒரு செயலி நான்கு கிலோமீட்டர் மிச்சம் என்று ஆசைகாட்டி என்னை ஓர் ஏரிக்கரைக்குக் கொண்டுபோய் விட்டது. கரையின் மேல் வண்டித்தடம், இருபுறமும் சீமைக் கருவேலம். அந்த முள் டயரில் ஏறினால் ஆணி மாதிரி நிற்கும். நான்கு கிலோமீட்டரை மிச்சம் பிடிக்கப் போய் ஒன்றேகால் மணி நேரம் போனது. கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர், "இந்தப் பக்கம் வண்டி வராதே தம்பி, யார் சொன்னது?" என்று கேட்டார். மொபைலைக் காட்டக் கூச்சமாக இருந்தது.

நான் சொன்ன வழியில் அந்தத் தொல்லை குறைவு. மொத்தத் திருப்பங்களை இரண்டு கை விரலுக்குள் எண்ணிவிடலாம். களைத்த மூளைக்குத் திருப்பம் குறைந்த வழியே நல்லது. ஒரு துண்டுக் காகிதத்தில் ஊர்ப் பெயர், மொத்தத் தூரம், திரும்ப வேண்டிய பக்கம் மூன்றையும் எழுதிக் கைப்பிடியில் டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். மொபைல் பேட்டரி திண்டிவனத்தில் செத்தாலும் காகிதம் சாகாது. விடியலில் யாரிடமாவது வழி கேட்பதாயிருந்தால் ஓர் எச்சரிக்கை: கிளாம்பாக்கம் வேறு, கேளம்பாக்கம் வேறு. முன்னது 2023 டிசம்பர் இறுதியில் திறந்த பேருந்து முனையம்; வண்டலூரைத் தாண்டி ஜி.எஸ்.டி. சாலையிலேயே இருக்கிறது. பின்னது பழைய மகாபலிபுரம் சாலையில். நீங்கள் வண்டலூரில் இடப்பக்கம் திரும்பிவிட வேண்டும். பேருந்து முனையம் கண்ணில் பட்டால் தவறிவிட்டீர்கள்.

நம் ஊரில் இடப்பக்கம் ஓட்டுவதால் இடத் திருப்பம் எளிது; வலத் திருப்பம்தான் உயிரோடு விளையாடுவது. இந்த வழியில் கவலைப்பட வேண்டிய வலத் திருப்பம் இரண்டு. கோவளத்தில் கடற்கரைச் சாலைக்குள் திரும்புவது ஒன்று. காலை ஆறு மணிக்குச் சாலை காலியாக இருக்கும். மரக்காணத்தில் திரும்புவது மற்றது. அது முற்பகல் பத்தரைக்கு வரும். வேகத்தோடு நடுச்சாலைக்கு நகர்ந்து திரும்பும் வீரமெல்லாம் வேண்டாம். இடப்பக்கம் நிறுத்தி, இறங்கி, தள்ளிக்கொண்டு கடந்துவிடுங்கள். ஒரு நிமிடம்தான் போகும்.

இனிச் சாலையின் நிலை. மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடற்கரைச் சாலையை நான்கு வழியாக அகலப்படுத்தும் வேலை பல இடங்களில் நடந்துவருகிறது. புதிய தார் வழுவழுப்பாக வந்த இடங்களும் உண்டு. சிறுபாலம் கட்டுமிடத்தில் ஜல்லியில் இறங்கி ஏறும் மாற்றுப்பாதையும் உண்டு. இந்த நிலை மாதத்துக்கு மாதம் மாறும். இன்று நான் சொல்வது நீங்கள் போகும் நாளில் பொய்யாகலாம். எனவே இரண்டு வாரத்துக்கு முன் ஒருநாள் இருசக்கர வாகனத்தில் மாமல்லபுரம்–திண்டிவனம் பகுதியை மட்டும் பார்த்துவிட்டு வாருங்கள். சாலையில் பள்ளத்தை மட்டும் பார்த்துக்கொண்டு போகாதீர்கள். வெள்ளை பூசாத வேகத்தடை எந்த ஊரில், காலை ஆறரைக்குத் திறக்கும் கடை எது, நிழலில் உட்கார இடம் எங்கே என்று குறித்துக்கொள்ளுங்கள். இந்த ஒருநாள் செலவு சைக்கிளுக்கு வாங்கும் எந்த விலையுயர்ந்த உதிரிப்பாகத்தையும்விட உதவும்.

நேரக் கணக்கு. ஞாயிற்றுக்கிழமைச் சராசரி 24 என்கிறீர்கள். 200 கிலோமீட்டருக்கு அதில் இரண்டைக் கழித்து 22 என்று வையுங்கள். 214 கிலோமீட்டருக்கு ஓட்டும் நேரம் ஒன்பதே முக்கால் மணி. நிற்கும் நேரம் இரண்டரை மணி. நிற்கும் நேரத்தைக் கணக்கில் சேர்க்காமல் திட்டம் போடுவதுதான் முதன்முறை ஓட்டுகிறவர்களின் பெரிய பிழை. ஒரு காபி என்று இறங்கினால் இருபது நிமிடம் போய்விடும்.

அதிகாலை நாலரைக்குத் தாம்பரம். ஆறு மணிக்குக் கோவளம். ஜனவரியில் சென்னையில் சூரியன் உதிக்க ஆறரை ஆகும், ஆகவே இந்த 32 கி.மீ. முழுக்க விளக்கோடுதான். வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையில் அந்த நேரத்தில் நாய்களும் டிப்பர் லாரிகளும் உண்டு. முதலிலேயே சொன்னேன் அல்லவா, கெட்ட சாலை காலையில் வரட்டும் என்று; அது இதுதான். ஏழு மணி சுமாருக்கு மாமல்லபுரம். ஊருக்குள் போகாமல் புறவழியிலேயே சிற்றுண்டி. ஏழரைக்குக் கிளம்பி நடுவில் ஒரு சின்ன நிறுத்தம் வைத்தால் பத்தரைக்கு மரக்காணம். அங்கிருந்து திண்டிவனம் பன்னிரண்டரைக்குள். முக்கால் மணி நேரம் உணவும் ஓய்வும். ஒன்றேகாலுக்குக் கிளம்பினால் இரண்டரையை ஒட்டிச் செஞ்சி. ராஜகிரி, கிருஷ்ணகிரிக் கோட்டைகள் சாலையிலிருந்தே தெரியும். பாறை நிழல் போல ஓர் ஆறுதல் இல்லை. மூன்று மணிக்குக் கிளம்பினால் ஐந்து மணிக்குள் திருவண்ணாமலை.

ஏன் ஐந்து மணி என்று அடம்பிடிக்கிறேன்? ஜனவரியில் இருட்ட ஆறு மணிக்கு மேல் ஆகுமே என்று நீங்கள் கேட்கலாம். செஞ்சி–திருவண்ணாமலைச் சாலை ஏறத்தாழ நேர் மேற்கு. நாலரைக்கு மேல் சூரியன் உங்கள் கண்ணுக்கு நேரே இறங்கும். உங்கள் கண் கூசுவது பெரிய விஷயமில்லை, தொப்பியை இழுத்துக்கொள்ளலாம். உங்களுக்குப் பின்னால் வரும் காரோட்டியின் கண்ணும் அதே சூரியனைப் பார்த்துக் கூசுகிறது. அந்த ஒளியில் சாலை ஓரத்துச் சைக்கிள் அவருக்குத் தெரியாமல் போகலாம். இருட்டில் உங்கள் சிவப்பு விளக்கு தெரியும். சூரியன் விழும் அந்த ஒரு மணி நேரத்தில் அதுவும் மங்கும். ஆகவே செஞ்சியிலிருந்து கிளம்பும்போதே பின்விளக்கை மின்னவிடுங்கள், ஒளிரும் மேல்சட்டையைப் போட்டுக்கொள்ளுங்கள். தாமதமாகி நாலரைக்குத்தான் செஞ்சியை அடைந்தீர்கள் என்றால் ஒரு வழி இருக்கிறது: சூரியன் மறையும்வரை அங்கேயே டீ குடித்துக்கொண்டிருந்துவிட்டு, இருட்டியபின் நல்ல விளக்கோடு கிளம்புங்கள். கேட்க விசித்திரமாக இருக்கும். நான் அப்படிச் செய்திருக்கிறேன்.

நெடுந்தூரச் சைக்கிளோட்டிகள் உலகெங்கும் ஒப்புக்கொண்ட ஓர் அளவுகோல் இருக்கிறது. பாரிஸில் உள்ள ஓடாக்ஸ் சங்கத்தின் விதிப்படி நடக்கும் பிரெவே ஓட்டங்களில் 200 கிலோமீட்டருக்குப் பதின்மூன்றரை மணி நேரம், 300-க்கு 20 மணி நேரம். நிற்பதும் அதற்குள் அடக்கம். சராசரி 15 கி.மீ. வந்தால் போதும். இதை ஏன் சொல்கிறேன் என்றால், முதல் முறை 200 ஓட்டுகிறவர் வேகத்துக்காக அலைய வேண்டியதில்லை. உங்கள் 22 நடக்காமல் 19 ஆனாலும் நீங்கள் தோற்கவில்லை.

ஆனால் நிறுத்திக்கொள்வதற்கு ஒரு கோடு முன்பே போட்டுவைக்க வேண்டும். அது திண்டிவனம். மதியம் ஒன்றரைக்குள் அங்கே வந்து சேரவில்லையென்றால் அன்றைய ஓட்டம் அங்கே முடிந்தது என்று இன்றே முடிவு செய்து வீட்டில் சொல்லிவையுங்கள். களைத்த மனம் அந்த இடத்தில் பேரம் பேசும். அதற்கு இடம் தரக் கூடாது. திண்டிவனத்தைத் தேர்ந்தெடுக்கக் காரணம், கோவளத்திலிருந்து மரக்காணம் வரை கடற்கரைச் சாலையில் ரயில் கிடையாது. திண்டிவனத்தில் ரயில் நிலையம் உண்டு, எல்லாத் திசைக்கும் பஸ் உண்டு, சைக்கிளை ஏற்றிக்கொண்டு வரக் குட்டி யானை வண்டி வாடகைக்குக் கிடைக்கும். வழி போடும்போது ஒவ்வொரு 40 கிலோமீட்டருக்கும் "இங்கே முடியாமல் போனால் எப்படி வீட்டுக்குப் போவேன்?" என்று கேட்டு விடையை எழுதிவையுங்கள். மரக்காணத்துக்கு முந்தைய 30 கிலோமீட்டருக்கு மட்டும் விடை சற்று இழுபறிதான். அங்கே நடுவில் உடைந்தால் வண்டி வரச் சொல்லிக் காத்திருக்க வேண்டும்.

உணவு நிறுத்தங்கள் பற்றி ஒரு சுவையான ஒற்றுமை. ஆற்றுப்படை என்றாலே வழிப்படுத்துவது. சிறுபாணாற்றுப்படை, வறுமையில் வாடும் பாணனை நல்லியக்கோடன் என்ற மன்னனிடம் அனுப்புகிறது. எயிற்பட்டினத்தில் சுட்ட மீன், ஆமூரில் நண்டுக் கலவையோடு சோறு என்று எந்த ஊரில் என்ன கிடைக்கும் என்பதையும் சேர்த்தே சொல்கிறது. எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம் என்றும், மன்னனின் தலைநகரான கிடங்கில் திண்டிவனத்தை ஒட்டியது என்றும் அறிஞர்கள் சொல்கிறார்கள். நான் உங்களுக்குச் சொல்லும் வழியில் பாதி அதுதான். நல்ல வழிகாட்டி தூரத்தோடு சோற்றையும் சொல்ல வேண்டும் என்பது நமக்குப் பழைய பாடம்.

நண்டு வேண்டாம். மணிக்கு 40, 50 கிராம் மாவுச்சத்து உள்ளே போய்க்கொண்டிருக்க வேண்டும். பசித்தபின் சாப்பிடுவது தாமதம். ஒரு வாழைப்பழத்தில் ஏறத்தாழ 25 கிராம் இருக்கிறது. சட்டைப்பையில் கடலை மிட்டாய், பேரீச்சம்பழம். மாமல்லபுரத்தில் இட்லி நான்கு, சாம்பார் குறைவாக. வெண்பொங்கலைத் தொடாதீர்கள், நெய்யும் முந்திரியும் பாலாற்றுப் பாலம்வரை நெஞ்சிலேயே நிற்கும். திண்டிவனத்தில் தயிர் சாதம், ஊறுகாய். தண்ணீர் மணிக்கு அரை லிட்டருக்கு மேல். வெயில் ஏறியபின் முக்கால் லிட்டர். வெறும் தண்ணீராகவே குடித்துக்கொண்டிருந்தால் வியர்வையில் போன உப்பு திரும்பாது. தலை கிறுகிறுக்கும், குமட்டும். இளநீரில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு; அது மட்டும் போதாது. உப்புப் போட்ட மோர் அல்லது மருந்துக்கடை ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இரண்டு சேர்த்துக்கொள்ளுங்கள். மரக்காணத்து உப்பளங்களுக்கு நடுவே போகும்போது நிழலே கிடையாது என்பதால் அதற்கு முன் கூவத்தூர்ப் பக்கம் பாட்டில்களை நிரப்பிவிடுங்கள்.

உடன் எடுக்க வேண்டியவை பற்றி நீளமாகச் சொல்லப் போவதில்லை. டியூப் இரண்டு, ஒட்டுப்போடும் பெட்டி, டயர் நெம்பி, பம்பு, டயருக்குள் விரல்விட்டுக் கம்பித்துண்டைப் பிடுங்க ஒரு சிறு இடுக்கி. சில்லறைப் பணம். நம் ஊர்ப் பஞ்சர் கடைகளில் குறுகிய டயருக்கான டியூப் கிடைக்காது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

பயிற்சிக்கும் இந்த வழியையே வெட்டிப் பயன்படுத்தலாம். தாம்பரத்திலிருந்து மாமல்லபுரம் போய்த் திரும்பினால் 100 கி.மீ. சொச்சம். அதை நவம்பர் கடைசியில் மழை விட்ட ஒரு நாளில் முடியுங்கள். டிசம்பர் நடுவில் அதையே கல்பாக்கம் தாண்டி நீட்டி 150 ஆக்குங்கள். 150 ஓட்டியவருக்கு 200 புது உலகமில்லை. இருட்டுப் பகுதியும் அதற்குள் பழகிவிடும். எதிர்காற்றில் திரும்பி வருவது எப்படி இருக்கும் என்று ஒருமுறை உடம்பு தெரிந்துகொள்ளும். போய்த் திரும்பும் திட்டம் வேண்டாம் என்று நான் ஏன் சொன்னேன் என்பதும் அப்போது விளங்கும்.

கிளம்புவதற்கு முந்தைய மாலை வானிலைத் துறையின் முன்னறிவிப்பில் மழையை மட்டும் பார்க்காமல் காற்றின் திசையையும் பாருங்கள். வடக்கு, வடகிழக்கு, கிழக்கு மூன்றில் எதுவானாலும் போகலாம். ஜனவரியில் அபூர்வமாக மேல்காற்று என்று வந்தால் ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள். மலை அங்கேயேதான் இருக்கும்.

கீழ்பென்னாத்தூரை நெருங்கும்போது அண்ணாமலை நேரே எதிரில் நிற்கும். வந்துவிட்டோம் என்று தோன்றும்; இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. அங்கே ஒரு வாழைப்பழம் சாப்பிடுங்கள். ஊருக்குள் நுழைந்ததும் கையோடு கிரிவலத்தையும் சைக்கிளிலேயே முடித்துவிடலாமா என்று ஆசை வரும். அது 14 கி.மீ.; வெறுங்காலோடு நடப்பவர்கள் நிறைந்த பாதை. சைக்கிளை அறையில் வைத்துவிட்டு, மறுநாள் காலையில், நடக்க முடிந்தால், நடந்து போங்கள்.